நான்கு நாற்காலிகளின் பொன்விழா

பொன்விழா என்றால் என்ன செய்வார்கள்? மலர் வெளியிடுவார்கள். பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி மாட்டுவார்கள். மூத்தவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவார்கள். அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் ‘குரோனோஸ் குவார்டெட்’ என்ற இசைக்குழுவுக்கும் ஐம்பது வயது ஆனது. 2023-24 கச்சேரி சீசன் முழுவதையும் அவர்கள் பொன்விழாவாகவே கொண்டாடினார்கள்.

அந்தக் கொண்டாட்டத்தின் நடுவிலேயே ஒரு செய்தி வந்தது. இந்த சீசனோடு இரண்டு பேர் விடைபெறுகிறார்கள்!

வயலின் வாசிக்கும் ஜான் ஷெர்பா, வயோலா வாசிக்கும் ஹாங்க் டட். இருவருமே எழுபது வயதை ஒட்டியவர்கள். நாற்பத்தைந்து வருடங்களுக்கும் மேலாக அதே குழுவில், அதே நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தவர்கள். குழுவில் இருப்பதே மொத்தம் நான்கு பேர். அதில் இரண்டு பேர் எழுந்து போனால், மிஞ்சுவது அதே குழுவா? இல்லை, அதே பெயரில் இன்னொரு குழுவா?

ரசிகர்கள் மட்டும் கேட்ட கேள்வி அல்ல இது. ஐம்பது வருடம் நடந்த எந்தக் கடைக்கும், எந்தப் பள்ளிக்கும், எந்தக் குடும்பத்துக்கும் ஒருநாள் வந்து நிற்கும் கேள்விதான்.

பக்கவாத்தியம் இல்லாத கச்சேரி

கர்நாடக இசைக் கச்சேரியில் நடுவில் பாடகர் இருப்பார். பக்கத்தில் வயலின், மிருதங்கம், கடம். யார் முதன்மை, யார் பக்கவாத்தியம் என்பது மேடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மேற்கத்திய இசையின் ‘ஸ்ட்ரிங் குவார்டெட்’ அப்படி இல்லை. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. அவ்வளவுதான். நான்கும் வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியங்கள். கையை வீசித் தாளம் காட்ட ஒரு நடத்துநர் கிடையாது. எப்போது தொடங்குவது, எங்கே நிதானிப்பது, எங்கே உரக்க வாசிப்பது எல்லாமே பார்வையிலும் மூச்சிலும்தான். முதல் வயலின்காரர் மூச்சை இழுப்பதைப் பார்த்து மற்ற மூவரும் வில்லை நகர்த்துவார்கள்.

இதில் முதல் வயலின் பெரும்பாலும் மேலே நிற்கும் குரல். செல்லோ அடியில் தாங்கும் குரல். இரண்டாவது வயலினும் வயோலாவும் நடுவில் ஓடும் குரல்கள். புதிதாகக் கேட்பவருக்கு நடுக்குரல்கள் தனியாகத் தெரியாது. ஆனால், மேலே ஓடும் மெட்டு சோகமாகப் படுவதும் இனிப்பாகப் படுவதும் இந்த நடுக்குரல்கள் எந்த ஸ்வரத்தில் நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. தம்புராவைக் கேட்கவென்று யாரும் சபாவுக்குப் போவதில்லை. அது நின்றுபோனால்தான் அதன் அருமை தெரியும்.

ஷெர்பாவும் டட்டும் குரோனோஸின் அந்த இரண்டு நடுக்குரல்கள்.

வானொலியில் கேட்ட போர்

குழுவைத் தொடங்கியவர் டேவிட் ஹாரிங்டன். 1973-ல் சியாட்டில் நகரில் இருந்த அந்த இளைஞருக்கு இருபத்து நான்கு வயது நிறையப் போகிறது. அந்தத் தலைமுறை அமெரிக்கர்களின் இளமையை வியட்நாம் போர் தின்றுகொண்டிருந்தது. அந்தக் காலத்தின் வலியைச் சொல்லும் இசை எங்கே என்று தேடிக்கொண்டிருந்த அவர், ஒருநாள் இரவு வானொலியில் ஜார்ஜ் கிரம்ப் எழுதிய ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’ என்ற படைப்பைக் கேட்டார்.

1970-ல் எழுதப்பட்ட அந்தப் படைப்பின் ஏட்டிலேயே ‘போர்க்காலத்தில்’ என்று லத்தீனில் குறித்திருக்கிறார் கிரம்ப். வயலின்கள் மின்சார ஒலிபெருக்கி வழியாக அலறும். வாசிப்பவர்கள் பல மொழிகளில் எண்களைச் சொல்லுவார்கள். தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் வில்லை இழுப்பார்கள். நாகரிகமான மாலை நேர இசை என்று குவார்டெட்டை நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. ஹாரிங்டனுக்கோ, தேடியது கிடைத்துவிட்டது. இதை வாசிக்கவே ஒரு குழு வேண்டும் என்று தொடங்கினார்.

கையில் பணம் இல்லை. புதிய இசை வேண்டும் என்றால் இசையமைப்பாளருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே? தன் ஆசிரியர் கென் பென்ஷூஃபிடம் ஒரு படைப்பு எழுதித் தரச் சொன்னார். சன்மானம், ஒரு பை நிறைய டோனட்! குழு உருவான கதையை யார் சொன்னாலும் இந்த டோனட் பை அதில் வந்துவிடும். அந்தப் பையில் தொடங்கிய கணக்கு ஐம்பது வருடத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. குரோனோஸுக்காகவே எழுதப்பட்ட, அல்லது அவர்களுக்காக மாற்றி அமைக்கப்பட்ட படைப்புகளின் எண்ணிக்கை அது.

கிரேக்கப் புராணத்தில் குரோனோஸ் என்பவர் தன் பிள்ளைகளையே விழுங்கிய தெய்வம். காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் ஏறக்குறைய அதே ஒலிதான். தமிழில் காலமும் காலனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுபோல. காலம் எல்லாவற்றையும் விழுங்கும் என்று தெரிந்த பெயரோடுதான் இந்தக் குழு பயணத்தைத் தொடங்கியது.

இருபது வருடக் கூட்டு

ஆரம்ப வருடங்களில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பிறகு டட் வந்தார். 1978-ல் ஷெர்பாவும் செல்லோக் கலைஞர் ஜோன் ஜான்ரெனோவும் சேர்ந்தார்கள். குழு சான்ஃபிரான்சிஸ்கோவில் நிலைத்தது. அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கும் மேல் இந்த நால்வரும் மாறவில்லை. உலகம் குரோனோஸ் என்று அறிந்தது இந்த நால்வரைத்தான்.

டெர்ரி ரைலி என்ற இசையமைப்பாளர் அப்போது இசையை ஏட்டில் எழுதுவதையே விட்டிருந்தார். இந்துஸ்தானி மேதை பண்டிட் பிராண்நாத்தின் சீடர் அவர். மனோதர்மமாக வாசிப்பதே போதும் என்று இருந்தவரை, மறுபடி பேனாவைப் பிடிக்க வைத்தவர் ஹாரிங்டன்.

ஸ்டீவ் ரைக் 1988-ல் இவர்களுக்காக ‘டிஃபரன்ட் டிரெயின்ஸ்’ எழுதினார். பெற்றோர் பிரிந்துவிட்டதால், சிறுவன் ரைக் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குமாக ரயிலில் போய் வந்துகொண்டிருந்தான். அதே வருடங்களில் ஐரோப்பாவில் இருந்திருந்தால், யூதச் சிறுவனான அவன் ஏறியிருக்கக்கூடிய ரயில் வேறு. அந்த நினைப்புதான் படைப்பு. உயிர் தப்பியவர்களின் பதிவுசெய்த குரல்கள் பேச, அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே வயோலாவும் செல்லோவும் மெட்டாக வாசிக்கும். கேட்டவர்கள் எளிதில் மறப்பதில்லை.

2005-ல் இன்னொரு ஆச்சரியம். ஆர்.டி.பர்மனின் பாடல்களுக்காக ஆஷா போஸ்லேயுடன் சேர்ந்து ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். தபேலாவுக்கு ஜாகிர் ஹுசைன். எழுபது வயதைத் தாண்டிய ஆஷா, தானே பாடிப் புகழ்பெற்ற பாடல்களை நான்கு தந்தி வாத்தியங்களைச் சுற்றி வைத்து மறுபடி பாடினார். ஒரு பெரிய சினிமா ஆர்கெஸ்ட்ராவின் வேலையை நால்வரும் பல முறை பதிவுசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தார்கள்.

மேடைக்குப் பின்னால்

இத்தனை வருடத்தில் வீட்டுத் துக்கம் வராமல் இருக்குமா? 1995-ல் ஹாரிங்டனின் மகன் ஆடம், பதினாறு வயதில் திடீரென்று இறந்துபோனான். ஈஸ்டர் நாளன்று குடும்பத்தோடு மலையேறப் போனபோது இதயம் நின்றுவிட்டது. அந்தப் பையன் பிறந்ததிலிருந்தே தெரிந்தவர்கள் குழுவினர். சில வருடங்கள் கழித்து டெர்ரி ரைலி ‘ரெக்வியம் ஃபார் ஆடம்’ என்ற படைப்பை எழுதினார். மகனுக்காக எழுதிய அஞ்சலியைத் தந்தையே முதல் வயலினில் வாசித்தார். பக்கத்தில் ஷெர்பா, அடுத்து டட். அந்த இருவருக்கும் அவர் எங்கே மூச்சை இழுப்பார் என்பது தெரியும். எங்கே மூச்சு தடுமாறும் என்பதும் தெரிந்திருக்கும்.

1999-ல் ஜான்ரெனோ விலகினார். அதற்குப் பிறகு செல்லோ நாற்காலியில் ஜெனிஃபர் கல்ப், ஜெஃப்ரி சீக்லர், சன்னி யாங் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். பொன்விழா சீசனில் அங்கே உட்கார்ந்தவர் பால் வியான்கோ. செல்லோ மாறியபோதெல்லாம் மற்ற மூவரும் அப்படியே இருந்ததால், புதியவர் ஏற்கெனவே நடக்கும் குடும்பத்தில் வந்து சேர்ந்தார். இந்த முறை அப்படி இல்லை. பாதிக் குடும்பமே மாறுகிறது.

மூன்று வழிகள்

இப்படிப்பட்ட குழுக்கள் முடிவைச் சந்தித்த விதம் பலவகை. லண்டனில் 1940-களில் உருவான அமடேயஸ் குவார்டெட், கடைசிவரை அதே நால்வரோடு வாசித்தது. 1987-ல் வயோலாக் கலைஞர் பீட்டர் ஷிட்லோஃப் இறந்தார். மற்ற மூவரும் இன்னொருவரைத் தேடவில்லை. குழுவையே முடித்துக்கொண்டார்கள்.

நியூயார்க்கின் எமர்சன் குவார்டெட் 1976-ல் தொடங்கியது. எல்லோருக்கும் கை நன்றாக இருக்கும்போதே நிறுத்திவிடலாம் என்று சேர்ந்து முடிவெடுத்து, 2023 அக்டோபரில் கடைசிக் கச்சேரி வாசித்தது. குரோனோஸ் பொன்விழாவைக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே சீசனில் இது நடந்தது.

ஜூலியார்ட் குவார்டெட் இன்னொரு வழி. 1946-ல் தொடங்கிய அந்தக் குழுவில் இன்று தொடக்க கால ஆட்கள் ஒருவர்கூட இல்லை. ஆனாலும், குழு வாசித்துக்கொண்டிருக்கிறது. வந்தவர்கள் போனவர்களிடம் கற்றார்கள்.

மூன்றில் எதையும் தவறென்று சொல்ல முடியாது. அமடேயஸ் தன் நண்பருக்குக் கொடுத்த மரியாதையை யார் குறைசொல்ல முடியும்?

பிறந்தநாளில் கொடுப்பவர்கள்

குரோனோஸ் போன வழியைப் புரிந்துகொள்ள, அவர்கள் பிறந்தநாட்களைக் கொண்டாடிய விதத்தைப் பார்க்க வேண்டும். முப்பது வயது ஆனபோது, முப்பது வயதுக்குள் இருக்கும் இளம் இசையமைப்பாளர்களுக்கு வாய்ப்புத் தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஐம்பதாவது வயதை மனத்தில் வைத்து 2015-ல் அறிவித்தது இன்னும் பெரியது. இருபத்தைந்து பெண்கள், இருபத்தைந்து ஆண்கள், ஆக ஐம்பது இசையமைப்பாளர்களிடம் ஐம்பது புதிய படைப்புகள். எல்லாம் மாணவர்களும் இளம் குழுக்களும் கற்றுக்கொள்வதற்கென்றே எழுதப்பட்டவை. இசைக்குறிப்பு, நால்வருக்கும் தனித்தனி ஏடு, குரோனோஸ் வாசித்த பதிவு எல்லாம் இணையத்தில் இலவசம்.

இசைக்குழுக்கள் பொதுவாகத் தங்களுக்காக எழுதப்பட்டதைப் பொத்திப் பாதுகாக்கும். சில காலம் வேறு யாரும் வாசிக்கக் கூடாது என்று ஒப்பந்தம்கூடப் போடுவதுண்டு. இவர்களோ ஐம்பது வருட வித்தையை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டார்கள், வருகிறவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று.

அந்த ஐம்பதில் ஜாகிர் ஹுசைன் எழுதியதும் ஒன்று. பெயர் ‘பல்லவி’. 2024 டிசம்பரில் அவர் மறைந்தார். எங்கோ ஒரு ஊரில் நான்கு மாணவர்கள் அந்த ஏட்டை இறக்கிக்கொண்டு இன்றைக்கும் ஒத்திகை பார்க்கலாம். காசு கேட்க ஆள் இல்லை.

ஜூன் 2024

பொன்விழா சீசன் சான்ஃபிரான்சிஸ்கோவில், ஜூன் மாதம் குரோனோஸ் நடத்தும் வருடாந்திர இசைவிழாவோடு முடிந்தது. ஷெர்பாவுக்கும் டட்டுக்கும் அதுதான் கடைசி மேடை. அதன் பிறகு வயலினுக்கு கேப்ரியேலா டியாஸ், வயோலாவுக்கு அயானே கோசாசா. தொடங்கியவர்களில் மிஞ்சியவர் ஹாரிங்டன் ஒருவர்தான்.

இதில் இழப்பே இல்லை என்று சொன்னால் அது பொய். நாற்பத்தைந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய காதை ஏட்டில் எழுதி வைக்க முடியாது. ரெக்வியத்தில் மூச்சு தடுமாறிய இடம் எந்த இசைக்குறிப்பிலும் இருக்காது. அந்த நால்வரின் ஒலி இனி பதிவுகளில் மட்டும்தான். புதியவர்கள் அதை நகல் எடுக்கவும் கூடாது. எடுத்தால் அது அருங்காட்சியகம் ஆகிவிடும்.

ஆனால், கிளம்பிப் போன இருவரும் வெறும் நாற்காலியை விட்டுப் போகவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு ஆயிரம் படைப்புகளும், நாளைக்கு என்ன புதிதாக வாசிக்கலாம் என்று கேட்கும் பழக்கமும் கிடைத்திருக்கின்றன. முன்பின் தெரியாத இளைஞர்களுக்குப் பாடமாக ஐம்பது ஏடுகள் கிடைத்திருக்கின்றன. விடைபெறும் நாளுக்கு ஒன்பது வருடம் முன்பே தொடங்கிய ஏற்பாடு இது.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு ஏதாவது ஒரு பொன்விழா அழைப்பிதழ் வந்தால், எத்தனை வருடம் ஓட்டினார்கள் என்பதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். அடுத்து உட்காரப் போகிறவர் கையில் என்ன கொடுத்திருக்கிறார்கள்? பொன்னாடை போர்த்திய மறுநாள் காலையில் அந்த வாசலை யார் திறக்கப் போகிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.