கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பிராசஸர் திணறுவது ஏன்?

2011 தேர்தலில் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று ஜெயலலிதா முதல்வரானார். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரும் திட்டம் தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கிய அந்தக் கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. வீட்டின் முதல் கம்ப்யூட்டரே அதுதான் என்று சொல்லும் குடும்பங்கள் ஏராளம்.

அப்படிப்பட்ட பழைய மடிக்கணினி ஒன்று திடீரென்று மக்கர் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆன் செய்ததும் ஃபேன் விர்ரென்று சுற்றுகிறது. மவுஸ் நகரவே மாட்டேன் என்கிறது. ஒரு மென்பொருளும் திறக்கவில்லை, ஆனால் பிராசஸர் பயன்பாடு 100 சதவீதம்! ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, திருச்சியில் ஒரு ரிப்பேர் கடையில் காட்டினால், "போர்டு போச்சு, புதுசே வாங்கிடுங்க" என்று பதில் வரலாம். புதிதாக வாங்கப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பே அங்கே தடைபடும். ஆனால் பல நேரங்களில் பிராசஸர் மீது தவறே இருப்பதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

கம்ப்யூட்டர் கிளம்பும்போது கீபோர்டு, வட்டு, வைஃபை, யுஎஸ்பி என்று எல்லாச் சாதனங்களும் "நான் வந்துவிட்டேன்" என்று கெர்னலிடம் சொல்கின்றன. லினக்ஸில் இந்தச் செய்திகளை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, தேவையான டிரைவரை ஏற்ற உதவுவது யுடெவ் என்ற நிரல். 2003-ல் வந்த இது 2012-ல் சிஸ்டம்-டி திட்டத்தோடு இணைந்தது. தொடக்கத்தில் எல்லாச் சாதனங்களின் செய்தியும் மொத்தமாக வருவதால் பிராசஸர் சிறிது நேரம் மும்முரமாக இருப்பது இயல்பு.

பிரச்சினை அதற்குப் பிறகும் அது ஓயாதபோதுதான். சித்திரை வீதியில் ஒரு வீட்டு அழைப்பு மணியை ஒரு பொடியன் அழுத்திவிட்டு ஓடுகிறான். பாட்டி எழுந்து வந்து பார்த்தால் ஆளில்லை. உட்கார்ந்ததும் மறுபடியும் மணி. பாட்டிக்கு மூச்சு வாங்குவது முதுமையால் மட்டும் அல்ல :-) லூசான யுஎஸ்பி போர்ட், பழுதான கார்டு ரீடர் போன்றவை இப்படித்தான் நொடிக்குப் பலமுறை "வந்தேன், போனேன்" என்று மணி அடிக்கின்றன.

கண்டுபிடிப்பது எப்படி?

1. வெளியே செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்ய வேண்டும். திணறல் நின்றால், ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினால் ஆள் மாட்டிவிடுவார்.

2. நிற்காவிட்டால் டெர்மினலில் டாப் கட்டளை. மேலே யுடெவ் நின்றால், யுடெவ்அட்ம் மானிட்டர் கட்டளையைக் கொடுக்கலாம். வரும் செய்திகள் வரிசையாக ஓடும். ஒரே சாதனத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் குற்றவாளி.

3. சாதனம் நல்லதாகவே இருந்து, நாமே எழுதிய யுடெவ் விதி தவறாக இருப்பதும் உண்டு. ஒரு வட்டை எழுதும் முறையில் திறந்து மூடினால், "மாற்றம்" என்ற செய்தியை யுடெவ் தானே கிளப்பும். அந்தச் செய்திக்கு விதி மறுபடி வட்டைத் திறக்கும். இப்படியே முடிவில்லாத வட்டம். விதியைத் திருத்தினால் போதும்.

4. டாப்பில் கேவொர்க்கர் என்ற பெயர் மேலே நின்றால், ஏசிபிஐ வழியாக வரும் குறுக்கீடுகளைச் சந்தேகிக்கலாம். சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், ஏசிபிஐ, இன்டரப்ட்ஸ் என்று போனால் ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் இருக்கும். ஒன்று மட்டும் வேகமாக ஏறிக்கொண்டே போனால் அதை முடக்கிப் பார்க்கலாம். ஆனால் மூடியோ பேட்டரியோ அனுப்பும் தகவலும் அதோடு நின்றுபோகலாம். முதலில் பயாஸைப் புதுப்பித்துப் பார்ப்பது நல்லது.

விண்டோஸிலும் இதே கதைதான். டாஸ்க் மேனேஜரில் சிஸ்டம் இன்டரப்ட்ஸ் அதிகமாக இருந்தால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை, சவுண்ட் கார்டு போன்றவற்றை ஒவ்வொன்றாக முடக்கிச் சோதிக்கலாம். எக்ஸ்பி காலத்தில் வட்டில் ஆறு முறை பிழை வந்தால், வேகமான டிஎம்ஏ முறையை விட்டு, பிராசஸரே தகவலைச் சுமக்கும் பிஐஓ முறைக்கு விண்டோஸ் இறங்கிவிடும். காரணம் ஒரு மோசமான கேபிளாகக்கூட இருக்கும்!

இவ்வளவு சோதனைக்கும் ஆகும் செலவு ஒரு மாலை நேரம் மட்டுமே. இதெல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் தாராளமாகப் பஸ் ஏறலாம். அப்போது கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கட்டும்: எந்தச் சாதனம், எந்தச் செய்தி, எத்தனை முறை. அதைப் படித்துப் பார்க்கும் மெக்கானிக் போர்டை மாற்றச் சொல்வதற்கு முன் ஒரு போர்ட்டை மாற்றிப் பார்ப்பார்.