இன்னொரு கிளாஸ் பிராந்தி

சாவை ஏமாற்றிக்கொண்டே வந்த ஒரு டெலிவிஷன் நாயகனும், அவனுக்கு உடல் கொடுத்த மனிதர்களும்

அவருடைய வயது என்ன என்பது அவருக்கே நிச்சயமில்லை. 1967-இல் கேட்டபோது 450 இருக்கலாம் என்றார். 2005-இல் அது 900 ஆகியிருந்தது. 2013-இல் 1,200-க்கு மேல் என்று இழுத்துவிட்டு, தான் சொல்வது நிஜமா பொய்யா என்பதே மறந்துபோய்விட்டது என்றார். பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் ஒரு வயது, ஜாதகத்தில் ஒரு வயது என்று வாழ்ந்து பழகியவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்த மனிதர் மனிதரே அல்ல. காலிஃப்ரே என்ற கிரகத்துவாசி. நெஞ்சில் இரண்டு இதயங்கள். பெயர் என்று எதுவும் சொல்லிக்கொள்வதில்லை; வெறும் 'டாக்டர்'.

அவருடைய வாகனம் ஒரு நீல மரப்பெட்டி. லண்டன் போலீஸ்காரர்கள் ஸ்டேஷனுக்கு டெலிபோன் செய்வதற்காக ஒரு காலத்தில் தெருமுனைகளில் நின்றிருந்ததே, அந்தப் பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் நாலு பேருக்கு மூச்சு முட்டும். உள்ளே போனால் கல்யாண மண்டபம். அதில் ஏறி முக்காலத்துக்கும் போய் வருவார். எழுபதுகளில் கழுத்திலிருந்து தரை வரை தொங்கும் கம்பளி மஃப்ளரோடு அலைந்தார். எண்பதுகளில் கோட்டில் பூ செருகும் இடத்தில் ஒரு செலரித் தண்டைச் செருகிக்கொண்டார். பெரும்பாலும் கையில் துப்பாக்கி இருக்காது. வாய் மட்டும் ஓயாது.

பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரின் நாயகன் இவர். குழந்தைகளுக்காகத் தொடங்கிய இந்தத் தொடர், டெலிவிஷனில் வேறு எதுவும் இவ்வளவு பிடிவாதமாகச் செய்யாத ஒரு காரியத்தைச் செய்துவந்திருக்கிறது. சாகமாட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவனைத் திரும்பத் திரும்பச் சாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, அவன் முகத்தைப் பார்க்கிறது.

முதல் பகுதி ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23, சனிக்கிழமை. முந்தின நாள்தான் டாலஸில் கென்னடி சுடப்பட்டிருந்தார். அன்று மாலை பிரிட்டனில் விண்வெளிக் கிழவரைக் கவனிக்கிற மனநிலையில் பலர் இல்லை. அடுத்த வாரம் முதல் பகுதியையே மறுபடி போட்டுவிட்டு இரண்டாவதைத் தொடர்ந்தார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு வயது 27. பி.பி.சி. நாடகப் பிரிவில் அப்போது வேறு பெண் தயாரிப்பாளர் கிடையாது. இயக்கியவர் வாரிஸ் ஹுசேன், லக்னோவில் பிறந்த 24 வயது இளைஞர். நாவலாசிரியை அத்தியா ஹுசேனின் மகன். வெள்ளைக்கார ஆண்கள் நிறைந்த கட்டடத்தில் ஒரு யூதப் பெண்ணும் ஒரு இந்தியரும் சேர்ந்து, ஊர் விட்டு ஊர் வந்து ஒட்டாமல் வாழும் ஒரு அந்நியனின் கதையைத் தொடங்கிவைத்தார்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் சுவையான தற்செயல்.

டாக்டராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னெல். வயது 55. பட்டாளத்து சார்ஜெண்ட், ரவுடி என்று சினிமாவில் முரட்டு வேஷங்களாகவே போட்டுச் சலித்தவர். தந்தை யாரென்று தெரியாமல் வளர்ந்தவர். இப்போது திடீரென்று நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு அவர் தாத்தா ஆனார். அந்த வேஷத்தை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது அந்தத் தொடரோடு சம்பந்தப்பட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று வருடங்கள். அதற்குள் உடம்பு அவரைக் கைவிடத் தொடங்கியது. ரத்தக் குழாய்கள் இறுகும் நோய். வசனம் மறந்தது. வார்த்தைகள் முன்பின்னாக வந்தன. கோபம் அதிகமானது. புதிய தயாரிப்பாளர்களோடு ஒத்துப்போகவில்லை. அவர் போக வேண்டும், தொடர் போகக்கூடாது. இந்த நிர்ப்பந்தத்திலிருந்துதான் டெலிவிஷன் சரித்திரத்தின் மிகத் துணிச்சலான யுக்தி பிறந்தது. 1966 அக்டோபர் 29-ஆம் தேதி, தென் துருவத்தில் நடக்கும் ஒரு கதையின் முடிவில், களைத்துப்போன கிழவர் தன் பெட்டிக்குள் சாய்ந்து விழுகிறார். முகத்தில் வெளிச்சம் பரவுகிறது. வெளிச்சம் அடங்கும்போது அங்கே கிடப்பவர் வேறொருவர். கறுத்த தலைமுடியும் இளைய முகமும் கொண்ட பாட்ரிக் ட்ரௌட்டன்.

தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமான கற்பனை அல்ல. மேய்ப்பன் மூலன் செத்துக் கிடக்க, அவனைச் சுற்றி நின்று அழுத மாடுகளைப் பார்த்து இரங்கி ஒரு யோகி அவன் உடலில் புகுந்ததாகத் திருமூலரின் கதை சொல்கிறது. அங்கே காரணம் மாடுகளின் கண்ணீர். இங்கே சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி. மற்றபடி கூடுவிட்டுக் கூடு பாய்வதுதான்.

கூடு மாறிப் பறந்தது கதாபாத்திரம். பழைய கூட்டிலேயே இருந்தவர் ஹார்ட்னெல். தொடரின் பத்தாம் ஆண்டை ஒட்டி, 1972 கடைசியில், மூன்று டாக்டர்களும் சேர்ந்து தோன்றும் கதை ஒன்றை எடுத்தார்கள். ஹார்ட்னெல் நடிக்கச் சம்மதித்துவிட்டார். எவ்வளவு நலிந்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கதையை அவசரமாக மாற்றினார்கள். முதல் டாக்டர் காலத்தின் சுழலில் எங்கோ மாட்டிக்கொண்டார், திரையில் மட்டுமே வந்து ஆலோசனை சொல்வார் என்று ஆக்கினார்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே எழுதிப் பிடித்த அட்டைகளைப் பார்த்து வசனம் சொல்லவைத்துத் தனியாகப் படம் பிடித்தார்கள். அதுவே அவர் கடைசியாக நடித்தது. 1975 ஏப்ரலில் இறந்தார், 67 வயதில். திரையில் டாக்டர் அப்போது நாலாவது உடம்பில், மஃப்ளரோடு, ஆனந்தமாக இருந்தார்.

சாகாத நாயகனை வைத்துக்கொண்டு எத்தனை நாள் கதை சொல்ல முடியும்? எழுத்தாளர்களுக்கே இந்தச் சங்கடம் புரிந்திருக்க வேண்டும். 1976-இல் ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய கதையில் ஒரு விதி நுழைந்தது. இந்த இனத்தார் பன்னிரண்டு முறைதான் உடல் மாற முடியும். பதின்மூன்றாவது உடல் விழுந்தால் விழுந்ததுதான். நாலாவது டாக்டர் காலத்தில் பன்னிரண்டு என்பது எட்டாத தூரம். கடன் வாங்குகிறவன் தவணைத் தேதி எழுதுவதைப்போல அலட்சியமாக எழுதிவிட்டார்கள். 2013-இல் தேதி வந்தே விட்டது. அந்த வருட கிறிஸ்துமஸ் கதையில், இனி மாற உடம்பு மிச்சமில்லாத டாக்டர் ஒரு சின்ன ஊரைக் காவல் காத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிழவராகிறார். ஊர் ஊராகப் பறந்தவர் கோலூன்றி நடக்கிறார், குழந்தைகளின் உடைந்த பொம்மைகளைச் சரிசெய்து கொடுக்கிறார். அந்தத் தொடரின் மிக அழகான காட்சிகளில் சில அதில் இருக்கின்றன. ஆனால் கடைசி நிமிடத்தில் வானம் பிளந்து புதிய ஆயுள் வந்து சேர்கிறது. மார்க்கண்டேயனாவது லிங்கத்தைக் கட்டிப்பிடித்தான்; இவர் அதற்காக எதையும் செய்ததாகத் தெரியவில்லை. வேண்டிக்கொண்டதுகூட அவருடைய தோழிதான்.

சாவை அவர் எதிர்கொள்ளும் விதமும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1984-இல் விஷம் ஏறிய நிலையில், ஒரே ஒருவருக்குப் போதுமான மாற்று மருந்தை, அறிமுகமாகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு பெண்ணுக்குப் புகட்டிவிட்டுச் சாய்ந்தார். அதில் வீரம் இருந்தது, தயக்கம் இல்லை. 2010 ஜனவரி முதல் தேதி வந்த முடிவோ வேறு ரகம். டேவிட் டென்னண்ட் நடித்த பத்தாவது டாக்டர் பெரிய எதிரிகளையெல்லாம் வென்று, பிழைத்துவிட்டோம் என்று மூச்சுவிடும்போது, கண்ணாடி அறைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பாமரக் கிழவர் நாலு தடவை கதவைத் தட்டுகிறார். அவரை வெளியே விட வேண்டுமானால் கதிர்வீச்சைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கிழவர், நான் வாழ்ந்து முடித்தவன், விட்டுவிடு என்கிறார். டாக்டர் கத்துகிறார். இது அநியாயம், நான் இன்னும் எவ்வளவோ செய்திருப்பேன், போயும் போயும் உனக்காகவா என்று ஒரு பச்சைச் சுயநலக்காரனைப்போலக் குமுறுகிறார். பிறகு உள்ளே போகிறார்.

இது தன்னிரக்கம், நாயகனுக்கு அழகில்லை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அத்தனை டாக்டர்களிலும் நம் வீட்டு மனிதர்போலத் தெரிபவர் அந்த நிமிடத்து டென்னண்ட்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர்களுக்கு அந்தக் கூச்சல் தெரியும். தியாகம் செய்கிறவர்கள் எல்லோரும் புன்னகையோடு செய்வதில்லை.

அடுத்த வருடம் வந்தது இன்னும் சின்னக் காட்சி. 2011-இன் கதைப்படி, அமெரிக்காவில் ஒரு ஏரிக்கரையில் தான் சாக வேண்டிய நாளும் நேரமும் டாக்டருக்குத் தெரியும். தெரிந்தே தவிர்த்துக்கொண்டு திரிகிறார். என்னிடம் கால இயந்திரம் இருக்கிறது, எல்லாக் காலமும் என் கையில், எதற்கு அவசரம் என்று ஜம்பம் அடிக்கிறார். பேசிக்கொண்டே போனை எடுத்து ஒரு பழைய நண்பரைக் கூப்பிடுகிறார், வெளியே சுற்றலாம் வா என்று அழைக்க. நண்பர் பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட். மீசை வைத்த, விறைப்பான, பொன் மனசுக்காரப் பட்டாளத்து அதிகாரி. முதியோர் இல்லத்து நர்ஸ் போனை எடுக்கிறாள். அவர் சில மாதங்களுக்கு முன் அமைதியாகப் போய்விட்டார் என்கிறாள். உங்களைப் பற்றி நிறையப் பேசுவார், நீங்கள் வந்தாலும் வரலாம் என்று இன்னொரு கிளாஸ் பிராந்தியும் ஊற்றிவைக்கச் சொல்வார் என்கிறாள்.

டாக்டரின் முகம் மாறுகிறது. போனை வைத்துவிட்டு, போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்கிறார்.

எல்லாக் காலமும் கையில் இருந்தும், நண்பர் உயிரோடு இருந்த நாளுக்குப் போய் அந்தப் பிராந்தியைக் குடிக்க அவருக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை. பிரிகேடியராக நடித்த நிகலஸ் கோர்ட்னி அந்த வருடம் பிப்ரவரியில் 81 வயதில் நிஜமாகவே இறந்திருந்தார். கதை தேவைப்பட்டு எழுதிய சாவு அல்ல. சாவு வந்து எழுதவைத்த காட்சி. ஏரிக்கரையில் டாக்டர் ஒரு இயந்திரப் பொம்மைக்குள் ஒளிந்துகொண்டு தப்பிவிட்டார் என்பது அந்தக் கதையின் பலவீனம். டெலிவிஷன் என்றால் அப்படித்தான்.

2017 கிறிஸ்துமஸில் வயோதிகத்துக்கே திரும்பினார்கள். பீட்டர் கபால்டியின் பன்னிரண்டாவது டாக்டர் மரண காயத்தோடு தென் துருவப் பனியில் மண்டியிடுகிறார். மாற மாட்டேன் என்கிறார். பயத்தால் அல்ல, அலுப்பால். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவராகி, பழகியவர்களையெல்லாம் இழந்து, மறுபடி தொடங்குவது போதும் என்கிறார். அதே பனியில் முதல் டாக்டர் எதிரே வருகிறார், 1966-இல் விட்ட இடத்திலிருந்து. அவருக்கும் மாற மனமில்லை. அவருக்கு இது முதல் தடவை, ஆகவே பயம். ஹார்ட்னெல் இல்லை, டேவிட் பிராட்லி நடித்தார். 2013-இல் ஹார்ட்னெலின் வாழ்க்கையை பி.பி.சி. படமாக எடுத்தபோது ஹார்ட்னெலாகவே நடித்தவர் அவர்.

இவர்கள் இருவருக்கும் நடுவே மூன்றாவது ஆள் ஒருவர் வந்து சேர்கிறார். முதல் உலகப் போரின் பதுங்குகுழியில், ஒரு ஜெர்மானியச் சிப்பாயின் துப்பாக்கி முன்னால், சாகப்போகிற கணத்தில் காலத்திலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்ட ஒரு பிரிட்டிஷ் கேப்டன். அவருக்கு மாற்று உடம்பு ஒன்றுகூடக் கிடையாது. திரும்பக் கொண்டுபோய் அதே குழியில் விடுவோம் என்கிறார்கள். சரி என்கிறார். தன் குடும்பத்தை எப்போதாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார். பெயர் சொல்கிறார்: லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட். டாக்டர் கடிகாரத்தைச் சில மணி நேரம் தள்ளிவைத்து, இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டுப் பாடிய 1914 கிறிஸ்துமஸ் நேரத்தில் அவரைக் கொண்டுவிடுகிறார்.

திரைக்கு வெளியே நடந்த சாவு ஒன்றும் உண்டு. ஒளிபரப்பு முடிந்த வீடியோ டேப்புகளையும் பிலிம்களையும் பி.பி.சி. எழுபதுகள் வரை அழித்துக்கொண்டிருந்தது. டேப் விலை அதிகம், வைக்க இடம் இல்லை, மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள் என்ற கணக்கு. வாரிஸ் ஹுசேன் பெரும்பகுதியை இயக்கிய 1964-இன் மார்க்கோ போலோ கதையின் ஏழு பகுதிகளும் அப்படிப் போயின. ஹார்ட்னெல் உடல் மாறிய பகுதியும் போயிற்று. அந்த மாற்றத்தின் சில வினாடிகளை மட்டும் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றில் 1973-இல் காட்டியிருந்தார்கள்; அதனால் அந்தத் துண்டு பிழைத்தது. ஒலி மட்டும் முழுசாக இருக்கிறது. வீட்டில் டெலிவிஷன் முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்துகொண்ட சிறுவர்களின் உபயம்.

வெளிநாடுகளுக்கு விற்ற பிரதிகளைத் தேடிப் போனார்கள். நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து டெலிவிஷன் நிலையத்தில், காணாமல் போயிருந்த ஒன்பது பகுதிகள் கிடைத்ததாக 2013 அக்டோபரில் அறிவித்தார்கள். 1968-இல் வந்த, லண்டன் சுரங்க ரயில் பாதைகளில் நடக்கும் கதை ஒன்று அதில் ஏறத்தாழ முழுசாக இருந்தது. மூன்றாம் பகுதி மட்டும் இல்லை. கர்னல் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் என்று நிகலஸ் கோர்ட்னி முதன்முதலில் டாக்டரைச் சந்திக்கும் பகுதி அது. குரல் கேட்கிறது.