எருக்குவியலும் எமது கிணறும்

நாம் கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்திற் பயின்ற காலத்து, எமது ஆசிரியப் பெருந்தகை ஒருவர், "பொருள் அழிவதில்லை, இடமும் வடிவுமே மாறும்" என்று அடிக்கடி கூறுவார். அதனைப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றோம். அதன் உண்மை எமக்கு விளங்கியதோ எழுபது வயதைக் கடந்த பின்னரேயாம். இம்மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனச் சங்கத்தார் பணித்தபோது, பெருமைக்குரிய செய்தியைத் தேடுவதினும் எமது பிழையொன்றைக் கூறுதலே மாணவ நண்பர்களுக்குப் பயன்படும் எனத் துணிந்தோம்.

எமது இளமையில் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆங்காங்கே கறவைப் பசுக்கள் நின்றன. சாணமும் கோசலமும் மழையோடு வடிகாலிற் சென்றன. வடிகால் கால்வாயிற் கலந்தது. கால்வாய் கடலிற் கலந்தது. கண்ணுக்கு மறைந்ததனைக் கருத்தும் மறந்தது. அந்தக் கொழும்பு மனத்தோடுதான், உத்தியோகத்தினின்றும் இளைப்பாறிய பின்னர், வலிகாமத்திலுள்ள பிதிர்வழிக் காணிக்குச் சென்று, ஆறு பரப்பு நிலத்தில் நான்கு பசுக்களை வளர்க்கத் தொடங்கினோம்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதுகாறும் யாரும் ஏறிட்டுப் பாராத எமது எருக்குவியலைத் தேடித் தோட்டக்காரர் வந்தனர். இன்னும் விலை ஏறும் என்ற ஆசையால் நாம் விற்காது குவித்தோம். நவம்பரில் தடை நீங்கியது. வாங்க வந்தவர் குறைந்தனர். ஆனால் மாரிமழை குறையவில்லை. கூரையற்ற குவியலின்மீது அது நாட்கணக்காய்ப் பொழிந்தது. குவியலுக்கும் கிணற்றுக்கும் இடையே இருபது அடிதானும் இல்லை.

அடுத்த ஆண்டில் எமக்குப் பேரன் பிறந்தான். பால்மாவைக் கரைப்பதற்குக் கிணற்று நீரே பயன்பட்டது. சுகாதார உத்தியோகத்தர் ஒருவரின் சொற்படி நீரைப் பரிசோதிப்பித்தோம். நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையான இலீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்திருந்தது. "மாமா, கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறேன், பிறகென்ன பயம்?" என்றார் மருமகள். கொதிக்க வைத்தலாற் கிருமி சாகும், நைத்திரேற்றுச் சாகாது. நீர் ஆவியாகுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும். 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கொம்லி என்னும் வைத்தியர், கிணற்று நீராற் குழந்தைகளின் உடல் நீலம் பாரித்தமையை எடுத்துக்காட்டினார். பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதே அந்நோயாகும். எமது பேரனுக்கு ஒன்றும் நேரவில்லை. எனினும் அன்றிரவு நாம் உறங்கவில்லை.

மறுநாள் ஆசிரியரின் வாக்கியத்தைக் கணக்காக்கிப் பார்த்தோம். சாணத்திலும் கோசலத்திலும் உள்ள நைதரசனை மண்ணின் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றும். பயிர் உண்டது போக எஞ்சியது மழைநீரோடு கீழிறங்கும். எமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கும் மழைநீரே எமது குடிநீர். மேலே கொட்டியதையே கீழே மொள்ளுகின்றோம். அது யூரியாவிலிருந்து வந்ததா, பசுவிடமிருந்து வந்ததா என்று கிணறு கேட்பதில்லை.

ஐரோப்பிய நாடுகள் 1991இல் வகுத்த விதிப்படி, மாசுறும் அபாயமுள்ள பகுதிகளில், ஹெக்டேயருக்கு ஆண்டில் 170 கிலோ நைதரசனுக்கு மேற்பட்ட கால்நடை எருவை இடலாகாது. ஹெக்டேயர் ஏறத்தாழ நாற்பது பரப்பு. ஆகவே பரப்பொன்றுக்கு நாலேகாற் கிலோ. எமது ஆறு பரப்புக்கு 26 கிலோ கூட இல்லை. பெரிய மேலைநாட்டுக் கறவைப் பசுவொன்று ஆண்டில் 100 கிலோ வரை கழிக்கும். எமது சிறிய பசுக்களுக்கு அதிற் பாதியெனக் கொண்டாலும், நான்குக்கும் 200 கிலோ! நிலம் தாங்கக்கூடியதினும் எட்டு மடங்கு. அவ்விதி எமது நாட்டின் சட்டமன்று. ஆயினும் கணக்கு எந்நாட்டிற்கும் ஒன்றே.

பின்னர்ச் செய்தவை இவை: குழந்தைக்கு வேறிடத்து நல்ல நீரைப் பெற்றோம். இரு பசுக்களை விற்றோம். கொட்டிலுக்குச் சீமெந்துத் தளமிட்டுக் கோசலத்தை மூடிய தொட்டிக்குச் செலுத்தினோம். எருவைக் கிணற்றுக்கு எட்டாத மூலைக்கு மாற்றிக் கூரை வேய்ந்தோம். மிகுதியை விலை பேசாது, நிலம் மிக்க தோட்டக்காரர் ஒருவருக்கு வாரந்தோறும் கொடுத்தோம். அவர் மழைக்கு முன்னன்றிப் பயிர் வளருங் காலத்திற் சிறிது சிறிதாக இடுகின்றார். ஓராண்டு கழித்துப் பரிசோதித்தபோது நைத்திரேற்றுக் குறைந்திருந்தது. எல்லைக்குள் இன்னும் வந்திலது. ஒரு மாரியிற் கெட்டது ஒரு மாரியில் திருந்துவதில்லை.

இப்போது வைத்தியத்தின் பொருட்டு வெள்ளவத்தையில் மகன் வீட்டில் இருந்து இதனை எழுதுகின்றோம். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலருக்கு ஊரில் ஒரு காணியும் ஒரு கிணறும் இருக்கும். விடுமுறைக்குச் செல்லுங்கால், கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். அயலவரின் கிணற்றுக்கும் அளவுங்கள். நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. எமது ஆசிரியர் இன்று இல்லை. அவர் தந்த புள்ளிக்கு நாம் உரியவராயினோமா என்பதை அடுத்த மாரிக்குப் பின் எடுக்கும் கிணற்று நீரே சொல்லும்.