எதுவும் வாங்காம உட்கார ஒரு இடம்

மெல்பர்ன் ஃபெடரேஷன் சதுக்கத்தைப் பத்திப் பேச்செடுத்தா ரெண்டு கட்சி வந்துடும். "கண்ணாடி உடைஞ்சு சிதறின மாதிரி இருக்கு, இதெல்லாம் ஒரு கட்டடமா?"ன்னு ஒண்ணு. "அழகோ அசிங்கமோ, சாயங்காலம் அங்கதான் சந்திக்கணும்"னு இன்னொண்ணு. நான் ரெண்டாவது கட்சி.

இந்த ஊருக்கும் யாரா நதிக்கும் நடுவுல ரொம்ப காலமா ரயில்வே யார்டு. ஆறு பக்கத்துலயே இருந்தும் ஊர் அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இருந்தது. போதாக்குறைக்கு 1960-கள்ல கேஸ் அண்ட் ஃபியூயல் நிறுவனத்துக்காக ரெண்டு உயரக் கட்டடம் எழும்பி, இருந்த பார்வையையும் மறைச்சுது. 1997-ல அதை இடிச்சாங்க. அதே வருஷம் நடந்த வடிவமைப்புப் போட்டியில லேப் ஆர்க்கிடெக்சர் ஸ்டுடியோ ஜெயிச்சுது. உள்ளூர் பேட்ஸ் ஸ்மார்ட் நிறுவனத்தோட சேர்ந்து, தண்டவாளத்துக்கு மேலயே தளம் போட்டுக் கட்டினாங்க. 2001-ல ஆஸ்திரேலியக் கூட்டாட்சியோட நூற்றாண்டுக்கு முடிக்க நினைச்சது, 26 அக்டோபர் 2002-லதான் திறந்தது. செலவு முதல்ல போட்ட கணக்கைவிட மூணு மடங்குக்கு மேல! திட்டு விழாம இருக்குமா?

வெளிச்சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்க. மணற்கல், துத்தநாகம், கண்ணாடின்னு எல்லாமே முக்கோணம். அஞ்சு முக்கோணத்தைச் சேர்த்தா அதே வடிவத்துல பெரிய முக்கோணம். அதுல அஞ்சு சேர்த்தா இன்னும் பெருசு. தாறுமாறா தெரியறதுக்குள்ள இப்படி ஒரு கணக்கு இருக்கு. தரையில பதிச்ச கல்லு மேற்கு ஆஸ்திரேலியாவோட கிம்பர்லியிலேர்ந்து வந்தது. 2009-ல ஒரு பயண இணையதளம் போட்ட 'உலகின் அசிங்கமான கட்டடங்கள்' பட்டியல்ல இதுவும் இருந்தது. :-)

ஆனா ஊர் ஜனம் அதுக்குள்ள அங்க உட்கார்ந்து பழகிடுச்சு. 2008 பிப்ரவரி 13-ல, பறிக்கப்பட்ட தலைமுறையினர்கிட்ட பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்துல மன்னிப்புக் கேட்டதை, இங்க பெரிய திரை முன்னால கூடி நின்னு பார்த்தாங்க.

அப்புறம்தான் அசல் சோதனை. 2017 டிசம்பர்ல, சதுக்கத்தோட யாரா கட்டடத்தை இடிச்சுட்டு ஆப்பிள் கடை வரும்னு மாநில அரசு அறிவிச்சுது. ஆத்தோட இணைப்பு இன்னும் நல்லாகும்னு ஒரு காரணமும் சொன்னாங்க. அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. சதுக்கத்துல நின்னா ஆறு நேரா கண்ணுல படாது, கட்டடங்களைத் தாண்டிப் போய்ப் படியிறங்கணும். ஆனா பொது இடத்துல ஒரு கடையைப் பெரிய மனுஷனா உட்கார வெச்சா, அப்புறம் அது யாரோட சதுக்கம்? ஆயிரக்கணக்கானவங்க எதிர்த்து எழுதினாங்க. 2019 ஏப்ரல்ல பாரம்பரியத் துறை இடிக்க அனுமதி மறுத்துது, ஆப்பிள் திட்டமும் கைவிடப்பட்டது. அதே வருஷம் ஆகஸ்ட்ல சதுக்கம் மாநிலப் பாரம்பரியப் பட்டியல்ல ஏறிடுச்சு. 17 வயசுகூட ஆகாத பாரம்பரியச் சின்னம்!

அழகுக்காக யாரும் இப்படிச் சண்டை போட்டிருப்பாங்கன்னு எனக்குத் தோணலை. நகரத்துக்கு நடுவுல காசு செலவழிக்காம, "எழுந்திரு"ன்னு யாரும் சொல்லாம உட்கார இடம் கிடைக்கிறது அபூர்வம். அதை விட்டுக்கொடுக்க ஜனத்துக்கு மனசு வரலை.

போனீங்கன்னா படம் பிடிச்சுட்டு அப்படியே டிராம் ஏறிடாதீங்க. கொஞ்ச நேரம் உட்காருங்க. அப்புறம் படியிறங்கி ஆத்தங்கரைக்குப் போங்க.