வெப்சைட்டோட முதல் பக்கம் யாருக்கு?

எங்க உழவர் குழுவுக்கு ஒரு வெப்சைட் போடணும்னு முடிவாகி ரெண்டு மாசம் ஆகுது. இன்னும் ஒரு பக்கம் கூட ஏறல. "எங்க ஆபீஸ்ல ஒரு வாரத்துல முடிச்சிடுவாங்களே அண்ணே"ன்னு சென்னை நண்பர்கள் சிலர் கேக்குறாங்க. போடுற வேலை ஒரு வாரம்தான். அதுல என்ன இருக்கணும், என்ன இருக்கக் கூடாதுன்னு பேசி முடிக்கத்தான் இத்தனை நாள். அந்தப் பேச்சு உங்களுக்கும் பிரயோசனப்படும்னு தோணுச்சு, எழுதுறேன்.

முதல்ல குழு என்னன்னு சொல்லிடறேன். கீழ்பென்னாத்தூர் சுத்துவட்டாரத்துல மல்லாட்டையும் நெல்லும் வைக்கிறவங்க சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் கம்பெனி. மல்லாட்டைன்னா உங்க வேர்க்கடலைதான். பேரு கம்பெனின்னாலும் நடப்பு கூட்டுறவுதான். 2002ல கம்பெனி சட்டத்தைத் திருத்தி இதுக்கு வழி பண்ணாங்க. பத்து உற்பத்தியாளர் சேர்ந்தா ஆரம்பிச்சுடலாம். ஒருத்தர் எத்தனை பங்கு வாங்கினாலும் அவருக்கு ஒரே ஓட்டு. பத்து ஏக்கர்காரருக்கும் ஒண்ணு, அரை ஏக்கர் குத்தகைக்கு ஓட்டுறவருக்கும் ஒண்ணு. எல்லாருக்கும் ஒரே ஓட்டுன்னா எல்லாரும் பேசத்தானே செய்வாங்க?

வெப்சைட் வேலையை எடுத்துக்கிட்டது எங்க ஊர்ல கம்ப்யூட்டர் படிச்ச ஒரு தம்பி. முதல் கூட்டத்துலயே ஒரு பெரிய அட்டையில வரைஞ்சு கொண்டாந்தான். மேல அஞ்சு பொத்தான்: முகப்பு, எங்களைப் பற்றி, பொருட்கள், புகைப்படங்கள், தொடர்புக்கு. நடுவுல அண்ணாமலையார் மலை பின்னாடி தெரியற மாதிரி ஒரு கழனி படம். அழகாத்தான் இருந்துச்சு. எல்லாரும் தலையாட்டினாங்க. பின்னாடி உட்கார்ந்திருந்த ஒரு ஆயா மட்டும் கேட்டாங்க. "இதுல என் கணக்கு எங்க இருக்கு தம்பி? என் மூட்டை எத்தனை கிலோ நின்னுச்சு, என்ன விலை போட்டீங்க, பாக்கி எவ்ளோ, அதெல்லாம் வருமா?"

"இது வாங்குறவங்களுக்கு ஆயா."

"அப்ப நம்மளுக்கு எது?"

தம்பிக்குப் பதில் வரல. எங்களுக்கும் வரல. அன்னிக்கு வரைக்கும் வெப்சைட்னா சென்னைக்காரங்க பார்க்கிற கடை வாசல்னுதான் நினைச்சிருந்தோம்.

இதே கேள்வியை நம்ம பக்கத்துலயே இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல முன்னாடி கேட்டுட்டாங்க. 1998ல எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்கள்ல தகவல் மையம் ஆரம்பிச்சுது. வில்லியனூர்ல தலைமை மையம், அங்கிருந்து சுத்துப்பட்டு ஊருங்களுக்கு. அப்ப கம்ப்யூட்டர்னா என்னன்னே பாதி பேருக்குத் தெரியாது. அவங்க முதல்ல செஞ்சது, ஊர் சனத்துக்கு என்ன தகவல் வேணும்னு விசாரிச்சதுதான். வயல் ஊருங்களுக்கு நெல் விலை, உரம், அரசாங்கத் திட்டம், ஆஸ்பத்திரி. கடலோரத்துல இருக்கிற வீராம்பட்டினத்துக்கு அதெல்லாம் பெருசில்ல, நாளைக்கு அலை எவ்வளவு உசரம் வரும்ங்கிறதுதான் பெருசு. அமெரிக்கக் கடற்படையோட வெப்சைட்ல இருந்து அந்தத் தகவலை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில ஊருக்கே சொன்னாங்க. கம்ப்யூட்டர் முன்னாடி எல்லாரும் வந்து உட்காரணும்னு காத்திருக்கல. 2004 சுனாமி அன்னிக்கு நல்லவாடு கிராமத்துல அந்த மையத்து ஒலிபெருக்கியிலதான் எச்சரிக்கை கொடுத்தாங்க. சிங்கப்பூர்ல இருந்து ஊர்க்காரர் ஒருத்தர் போன் பண்ணிச் சொன்னதை உடனே அறிவிச்சதால சனம் தப்பிச்சது.

நானும் தம்பிகிட்ட சொன்னேன், "பொத்தானை விடு, முதல்ல கேளு"ன்னு. ஒரு மாசம் எங்க கொள்முதல் கூடத்துல ஒரு நோட்டு வச்சோம். வர்றவங்க, போன் பண்றவங்க என்ன கேக்குறாங்களோ அதை அப்படியே எழுதணும். மாசக் கடைசியில பார்த்தா திரும்பத் திரும்ப நாலே கேள்விதான். இன்னிக்கு மல்லாட்டை என்ன விலை? போன வாரம் போட்டதுக்குப் பணம் எப்ப? விதைக்காய், ஜிப்சம் வந்துடுச்சா? அடுத்த கூட்டம் என்னிக்கு? எங்க "தொலைநோக்குப் பார்வை" என்னன்னு ஒருத்தரும் கேக்கல. அதனால முதல் பக்கத்துல அந்த நாலுக்கும் பதில். மத்ததெல்லாம் அதுக்குக் கீழ.

இதுக்கே ஒரு சண்டை வந்துச்சு. கொள்முதல் விலையை ஊர் அறியப் போடலாமா? "வியாபாரி பார்த்துட்டு கிலோவுக்கு ஒரு ரூபா சேர்த்துக் கொடுத்து நம்ம ஆளுங்களை இழுத்துடுவான்"னு ஒரு மாமா சொன்னாரு. அவர் சொல்றது பொய்யில்ல. ஆனா கூடத்து வாசல்ல கரும்பலகையில தினம் அதே விலையை எழுதித்தானே போடறோம்? வியாபாரிக்குக் காலையில ஏழு மணிக்கே தெரிஞ்சுடுது. தெரியாம இருக்கிறது தூரத்துக் கொல்லையில காய் பறிச்சுக்கிட்டிருக்கிற நம்ம உறுப்பினருக்குத்தான். வியாபாரி ஒரு ரூபா கூடக் கொடுத்தா அதுவும் அவருக்கு லாபம்தானே? கடைசியில விலை போடறதுன்னு முடிவாச்சு. விலை மட்டும் இல்ல, ஏன் அந்த விலைங்கிறதும். ஈரம் எவ்வளவு, பொக்கு எவ்வளவு, எதுக்கு எவ்வளவு கழிப்புன்னு ஒரு சின்னப் பட்டியல். கழிப்புலதான் சந்தேகமே வரும்.

அடுத்தது பணம். எங்க மாதிரி கம்பெனிக்கு சட்டத்துலயே ஒரு ஏற்பாடு இருக்கு. சரக்கு போடும்போது முழு விலையையும் கொடுக்காம, ஒரு பகுதியை நிறுத்தி வச்சு அப்புறம் கொடுக்கலாம். வருஷக் கடைசியில மிச்சம் இருந்தா, யார் எவ்வளவு சரக்கு போட்டாங்களோ அந்த அளவுக்கு ஊக்கத்தொகையும் பிரிச்சுக் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனா நிறுத்தி வச்ச பணம் எங்க இருக்குன்னு தெரியலன்னா அதைவிடக் கெட்ட ஏற்பாடு வேற இல்ல. அதனால மொத்தமா எவ்வளவு நிறுத்தியிருக்கோம், எந்தத் தேதியில கொடுப்போம்ங்கிறது வெப்சைட்ல எல்லாரும் பார்க்கற மாதிரி இருக்கும். ஆயாவோட சொந்தக் கணக்கு அவங்க போனுக்கு மட்டும் குறுஞ்செய்தியா போகும். யாரோட ஆதார், பேங்க் நம்பர், சர்வே நம்பர் எதுவும் வெப்சைட்ல ஏறாது.

கூட்டத்துக்கும் ஒரு பக்கம். வருஷப் பொதுக்கூட்டத்துக்கு குறைஞ்சது 14 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும்னு சட்டம் சொல்லுது. அதோட போன கூட்டத்து நடவடிக்கைக் குறிப்பு, தணிக்கை பண்ண கணக்கு, இயக்குநர் பதவிக்கு நிக்கிறவங்க விவரம் எல்லாம் சேர்த்துக் கொடுக்கணும். நான் வாலிபத்துல பார்த்த ஒரு சங்கத்துல, பேர் வேண்டாம், கூட்டம் முடிஞ்ச பிறகுதான் கூட்டம் நடந்ததே தெரியும். நோட்டீஸ் ஆபீஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும். கொஞ்ச வருஷத்துல அந்தச் சங்கத்தை நம்பி யாரும் ஒரு மூட்டை போடல. 1844ல இங்கிலாந்து ராக்டேல்ல 28 பேர் சேர்ந்து ஆரம்பிச்ச கடையைத்தான் இன்னிக்கு இருக்கிற கூட்டுறவுக்கெல்லாம் தாய் மாதிரி சொல்றாங்க. மூணு மாசத்துக்கு ஒருதரம் கூடி உறுப்பினர் முன்னாடி கணக்கை வைக்கணும்னு அவங்களே விதி போட்டுக்கிட்டாங்க. எங்களுக்கு வெப்சைட் இருக்கு, மாசாமாசமே வைக்கலாமே.

இனி உங்களுக்கான பக்கம், அதாவது பொருட்கள். இங்கயும் நிறைய பேசினோம். "நூறு சதவீதம் இயற்கை விவசாயம்"னு பெருசாப் போட்டா நல்லா விக்கும்னு தம்பி சொன்னான். உண்மை என்னன்னா, எங்கள்ல கொஞ்ச பேர்தான் ரசாயனம் இல்லாம பண்றாங்க. மத்தவங்க யூரியாவும் போடுவாங்க, புழு விழுந்தா மருந்தும் அடிப்பாங்க. ரெண்டு சரக்கையும் தனித்தனியா வைக்கிறோம். அதனால ஒவ்வொரு பொருளுக்குக் கீழயும் உரம் போட்டதா போடாததா, சான்று இருக்கா இல்லையான்னு எழுதறதா முடிவு.

எண்ணெய் விலைக்கும் கணக்கு போடறோம். செக்குல ஆட்டினா ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு சுமார் ரெண்டரை கிலோ பருப்பு வேணும். காயை உடைச்சா நூறு கிலோவுக்கு எழுபது கிலோ பருப்பு நின்னாலே நல்ல காய். அப்படின்னா ஒரு லிட்டருக்கு மூணரை கிலோ காய். அதோட விலை, உடைகூலி, ஆட்டுகூலி, பாட்டில், வண்டிச் சத்தம் கூட்டி, பிண்ணாக்கு வித்த காசைக் கழிச்சுப் பாருங்க. அடக்கம் உங்களுக்கே தெரிஞ்சுடும். அதைவிடக் கம்மியா யாராவது "சுத்தமான மரச்செக்கு எண்ணெய்"னு வித்தா, அதுல வேற என்ன கலந்திருக்குன்னு கேளுங்க.

படம் பத்தியும் பெண்கள்தான் ஒரு விஷயம் சொன்னாங்க. "வேர்வையோட குனிஞ்சு நிக்கிறப்ப எங்களைக் கேக்காம எடுத்த படம் போடாதீங்க. போடணும்னா சொல்லுங்க, தலை சீவி, நல்ல புடவை கட்டிக்கிட்டு வர்றோம்." நியாயம்தானே? நீங்க கல்யாணத்துக்கு எடுக்கிற மாதிரி அவங்களும் நல்லா நிக்க ஆசைப்படுறாங்க.

வெப்சைட் பேரை யார் பேர்ல பதியறதுங்கிறது இன்னொண்ணு. பக்கத்து வட்டாரத்துல ஒரு குழுவுக்குப் போட்டுக் கொடுத்த பையன் பெங்களூர் வேலைக்குப் போயிட்டான். முகவரி அவன் பேர்ல, பாஸ்வேர்டு அவன்கிட்ட, வருஷப் பணம் கட்டுறதும் அவன் கார்டுல. ஒரு நாள் வெப்சைட்டே காணோம். எங்களுது கம்பெனி பேர்லயே பதிவு, பாஸ்வேர்டு ரெண்டு இயக்குநர்கிட்ட, புதுப்பிக்கிற தேதி தீர்மான நோட்டுல. இதை முதல்ல சொன்னது எங்க தம்பியேதான். நல்ல பிள்ளை.

கடைசியா ஒண்ணு சொல்லணும். இதுதான் எனக்குப் பெருசாப் பட்டது. "உறுப்பினர் ஆவது எப்படி"ங்கிற பக்கத்துக்கு தம்பி எழுதி வந்ததுல, தேவையான ஆவணம்னு முதல் வரியில "சிட்டா நகல்"னு இருந்துச்சு. நாங்க பாட்டுக்குப் பழக்கத்துல அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தோம். படிச்சுக் காட்டினப்ப ஒரு பெண் எழுந்து நின்னு, "நிலம் எங்க வீட்டுக்காரர் பேர்ல, அவரு திருப்பூர்ல. உழவு ஓட்டி விதைச்சு களை எடுக்கிறது நான். நான் உழவர் இல்லையா?"ன்னு கேட்டாங்க. குத்தகைக்காரங்க ரெண்டு பேரும் அவங்களோட சேர்ந்துக்கிட்டாங்க. சட்டத்தை எடுத்துப் பார்த்தா, அது உற்பத்தியாளர்னுதான் சொல்லுது, பட்டாதாரர்னு சொல்லல. விளைவிக்கிற வேலையில இருக்கிற யாரும் உற்பத்தியாளர்தான். அரசு மானியத்துக்கு சிட்டா கேட்கலாம், அது வேற. சேர்றதுக்கு வேண்டியதில்ல.

அந்த வரியை வெப்சைட்டுக்கு எழுதினதுல இருந்து எடுத்தோம். அப்புறம் எங்க விண்ணப்பத்துல இருந்தும் எடுக்கணும்னு தீர்மானம் போட்டோம். இத்தனை நாளா பேசாம கிடந்த விஷயம், எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதப் போறோம்னு ஆனதும்தான் கண்ணுல பட்டுச்சு. ரெண்டு மாசம் வீணாப் போச்சுன்னு எனக்குத் தோணாததுக்கு இதுதான் காரணம்.

போன் இல்லாதவங்களுக்கு முதல் பக்கத்தைத் தினம் அச்செடுத்து கூடத்துப் பலகையில ஒட்டுவோம். படிக்கத் தெரியாதவங்களுக்கு எங்க குழுவுல ஒரு பொண்ணு குரல் செய்தியா பேசி அனுப்பும். எழுத்து எல்லாம் சாதாரணத் தமிழ்ல, போன்ல சீக்கிரம் திறக்கிற மாதிரி, படம் கம்மியா இருக்கும்.

நீங்க எந்த உழவர் கம்பெனி வெப்சைட்டைத் திறந்தாலும், வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. உறுப்பினருக்கு என்ன விலை கொடுத்தாங்க, பொதுக்கூட்டம் எப்ப நடந்துச்சுன்னு அதுல எங்கயாவது இருக்கா? இல்லன்னா ஒரு போன் போட்டுக் கேளுங்க. வாங்குறவங்க கேட்டா பதில் சீக்கிரம் வரும். எங்களையும் கேளுங்க. தை அறுப்புக்கு முன்னாடி வெப்சைட் வந்துடும்.