குறுகிய வாய்க்கால்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டதும், இலக்கியம் பயிலும் நண்பர்கள் சிலம்பையும் குறளையும் தமக்குள் பங்கிட்டுக் கொண்டனர். மின்னணுவியல் மாணவனாகிய எனக்கு எஞ்சியது விடுதியின் மொட்டை மாடிதான். சென்ற குளிர்காலத்தில் அங்கே நான் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறேன். அன்பர்கள் பொறுத்தருள்க.

வாணிகத்திற்காக அன்றி, ஆர்வத்தால் வானலை வழியே ஒருவரோடொருவர் தொடர்பு கொள்பவர்களை ‘ஹாம்’ என்று அழைப்பது வழக்கம். அரசுத் தேர்வில் தேறி உரிமம் பெற்றவரே அலைகளை அனுப்பலாம். இவர்களுள் ஒரு சாரார் பேச்சோடு நில்லாமல் காட்சியையும் அனுப்புகின்றனர். பிரிட்டனில் இதற்கென்றே ஒரு சங்கம் உண்டு.

ஆனால் காட்சி என்பது இடத்தை விழுங்கும் பூதம். பழைய முறைத் தொலைக்காட்சி ஒன்றுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். நம் நாட்டு ஹாம்கள் மிகுதியாகப் புழங்கும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையின் மொத்த அகலமே 2 மெகாஹெர்ட்ஸ்தான். குருவிக் கூட்டில் யானையைக் குடியேற்ற இயலுமா? யானையைச் சுருக்கினால் இயலும் என்கிறது எண்முறை. படத்தில் மாறாத பகுதியைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல், மாறியதை மட்டும் எண்களாக்கி அனுப்பினால், நொடிக்கு 3,33,000 குறியீடுகள் போதும். அதற்கு அரை மெகாஹெர்ட்ஸ் இடம்கூடத் தேவையில்லை. வீடுகளுக்குப் படம் தரும் வணிகச் செயற்கைக் கோளின் அலைவரிசை ஒன்றில், நொடிக்கு 2 கோடியே 75 இலட்சம் குறியீடுகள் செல்வது வழக்கம். அதனோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 80-இல் ஒரு பங்கு!

குறுக்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. வாசல் எவ்வளவு அகலமோ அவ்வளவு தூசி உள்ளே வரும். ஏற்பியின் வாசலைக் குறுக்கினால் உட்புகும் இரைச்சல் குறைகிறது. ஆகவே எளியவனின் சிறிய ஆற்றலும் எடுபடுகிறது.

இம்முயற்சிக்கு வானிலும் ஓர் இடம் கிடைத்தது. 2018 நவம்பர் 15 அன்று கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 என்னும் செயற்கைக் கோள் ஏவப்பட்டது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து நிற்கும் அதில் ஹாம்களுக்கென்றே இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று பேச்சுக்கு, மற்றொன்று 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் காட்சிக்கு. 2019 பிப்ரவரியில் அவை திறந்து விடப்பட்டன. பிரேசில் முதல் தாய்லாந்து வரை அதன் பார்வைக்குள் அடங்கும். நம் தில்லியும் அடங்கும். தோஹாவிலிருந்து வழிகாட்டிப் படம் ஒன்று அதன் வழியே தொடர்ந்து வருகிறது.

அந்தப் படத்தைப் பிடிப்பதே என் நோக்கம். கபாடிக்காரரிடம் 120 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றை வாங்கி மாடியில் நிறுத்தினேன். வந்தது சோதனை! “வீடியோதான் போனிலேயே வருகிறதே, இது எதற்கு? முதல் தேதிக்குள் எடுத்துவிடு” என்று வார்டன் கட்டளையிட்டார். எஞ்சியிருந்தவை மூன்று வாரங்கள்.

எண்முறையில் ஒரு கொடுமை உண்டு. பழைய தொலைக்காட்சியில் அலை மெலிந்தால் புள்ளிமழை பொழியும்; மழைக்கு நடுவே மங்கலாக ஒரு முகம் தெரியும்; நெருங்குகிறோம் என்ற நம்பிக்கை பிறக்கும். எண்முறையிலோ வந்தால் முழுப்படம், இல்லையேல் வெற்றுத்திரை. நூலிழையில் தவறினாலும், ஊர் தாண்டித் தவறினாலும், திரைக்கு இரண்டும் ஒன்றுதான். அறைத்தோழரான திருநெல்வேலி அண்ணன் கீழே திரையைப் பார்ப்பார். நான் மேலே மூடுபனியில் டிஷ்ஷை விரற்கடை அளவு நகர்த்துவேன். “அண்ணே, இப்போ?” “ஒண்ணும் இல்லை தம்பி.” நாள்தோறும் இதே உரையாடல்.

கணக்கே கைகொடுத்தது. தில்லியிலிருந்து அக்கோள் மேற்கு-தென்மேற்கில், சுமார் 25 பாகை உயரத்தில் உள்ளது. மேலும் அங்கே கிடையாகப் புறப்படும் அலை, பூமியின் உருண்டை வடிவால், இங்கே ஏறத்தாழ 55 பாகை சாய்ந்து வந்து சேர்கிறது. அந்தச் சாய்வுக்கு ஏற்ப எல்.என்.பி.யைத் திருப்ப வேண்டும். வரும் அலை 10491.5 மெகாஹெர்ட்ஸ், அதிலிருந்து எல்.என்.பி. 9750-ஐக் கழித்துக் கொடுப்பதால் ஏற்பியை 741.5-இல் வைக்க வேண்டும். இருபத்தைந்தாம் தேதி இரவு கீழிருந்து அண்ணன் போட்ட கூச்சலில் விடுதியே விழித்தது. பனித்துளியும் இன்றிப் பளிச்சென்று நின்றது படம்! சற்று நேரத்தில் அடுத்த குறுகிய பட்டையில் வேறொரு காட்சி: யாரோ ஒரு முதியவரின் மேசை, அதன்மேல் அவருடைய அழைப்புக் குறி. கண்ணிமைக்காமல் பார்த்தேன்.

தை மாதம் ஊரிலிருந்து அப்பா வந்தார். சிவகங்கைப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைவிப்பவர். “ஏப்பா, இம்புட்டுப் பேரு ஒரே வாய்க்கால்ல வந்தா சண்டை வராதா?” என்று கேட்டார். அருமையான வினா! யாரும் வழிகாட்டிப் படத்தின் அலையைவிட உரக்க அனுப்பலாகாது. அனுப்புமுன் எந்த இடம் காலியென்று பார்க்க வேண்டும். கூட்டம் மிகுந்தால் தம் அகலத்தைக் குறைத்துக் கொள்ள வேண்டும் என்று விளக்கினேன். “நீர்க்கட்டி முறைவச்சுப் பாய்ச்சுற மாதிரி. மேமடைக்காரன் வாயை அகலமா வெட்டினா கடைமடை காஞ்சு போகும்” என்றார் அப்பா. பாடநூல் பத்துப் பக்கத்தில் சொல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

‘போன் இருக்க இது எதற்கு’ என்ற கேள்விக்கும் விடை கூற வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது தொலைபேசிகள் ஊமையாயின. வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் ஹாம் அம்மையார், தம் கருவியைக் கொண்டு தீவின் செய்திகளை வெளியுலகுக்குச் சொன்னார். அவர் அங்கே சென்றது ஆர்வத்தால், பயன்பட்டது ஆபத்தில். பொருளைப் பயன்படுத்துவோர் கோடி. அஃது இயங்கும் வகையை அறிந்தோர் சிலர். எல்லாம் நின்றுபோகும் நாளில் உலகம் தேடுவது அந்தச் சிலரையே.

படத்தை நேரில் கண்ட வார்டன், “ஆண்டுத் தேர்வு வரை இருக்கட்டும், அதன்பின் பொறுப்பேற்க ஆள் இருந்தால் தொடரலாம்” என்று மனமிரங்கினார். இவ்வாண்டோடு நான் விடைபெறுகிறேன். கணக்கு அறிந்தவரே வர வேண்டும் என்பதில்லை. குளிரைப் பொறுக்கும் மனமும், பிறருக்கு வழிவிடும் குணமும் போதும். மற்றவற்றை நான் போவதற்குள் சொல்லித் தருகிறேன். முதலாண்டுத் தம்பி தங்கைகளே, வருவீர்களா?