நெட்டைச் சட்டகமும் அகலத் திரையும்

கைபேசிக்கென்று பிறந்த விளையாட்டைக் கணினிக்குக் கொண்டுவருவது வெறும் நகலெடுப்பு என்று எண்ணுபவர்கள், 'மான்யுமெண்ட் வேலி'யை இரண்டிலும் ஆடிப் பார்க்க வேண்டும். லண்டனின் 'அஸ்டூ கேம்ஸ்' 2014-இல் ஐபோனுக்கும் ஐபேடுக்குமாக உருவாக்கியது. ஐடா என்னும் வெண்ணிற இளவரசி, ஒரு சொல்லும் பேசாமல், இருக்கவே முடியாத கோபுரங்களின்மேல் நடந்து போவாள். டச்சு ஓவியர் எஷரின் சாயல் அப்பட்டமாகத் தெரியும்.

சூட்சுமம் அதன் வரைபட முறையில் இருக்கிறது. ஐசோமெட்ரிக் முறையில் தொலைவில் இருப்பது சிறுத்துப்போவதில்லை. எட்டத்துப் பாலமும் கிட்டத்து மாடமும் திரையில் ஒட்டி நின்றால், இரண்டும் ஒரே தளமா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒட்டியதாகத் தோன்றினாலே போதும், ஐடாவுக்கு அது பாதை.

வரைவாளராக முப்பது ஆண்டுகள் கழித்த என் அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "முப்பது டிகிரி மூலைமட்டம் வச்சுப் போட்ட படம்" என்றார், பார்த்ததுமே. ஆனால் அவருக்கு விரல்கள் நடுங்கும். சக்கரத்தைத் திருப்பப் போனால் விரல் வேறெங்கோ பட்டு, ஐடா எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கிவிடுவாள். நான்காம் நாள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். வரைபலகையை விற்ற அன்றைக்கு இருந்த அதே முகம்.

கணினிப் பதிப்பு 2022 ஜூலையில் வந்தது. மூலத்தில் ஒவ்வொரு கட்டமும் நெட்டைச் சட்டகத்தில் மாட்டிய படம் போன்றது. அதை அகலத் திரையில் அப்படியே வைத்தால் இருபுறமும் கருப்புப் பட்டை விழும். பலர் அதோடு கைகழுவி விடுகிறார்கள். இவர்கள் காட்சியையே பக்கவாட்டில் விரித்தார்கள். 'பனோரமிக் எடிஷன்' என்ற பெயர் அதனால்தான். எனக்கென்னவோ அந்தக் கோபுரங்களின் தனிமை கொஞ்சம் குறைந்துவிட்டதாகவே படுகிறது. கல்லை விரலால் நேராகத் திருப்பும் சுகமும் போயிற்று; கை மேசையில், கண் திரையில்.

அப்பாவுக்கோ மேசைதான் வரமாயிற்று. உள்ளங்கையை ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பாதி அடங்குகிறது. மவுஸின் வேகத்தைக் குறைத்து வைத்தேன், அவ்வளவுதான். பத்து அத்தியாயங்களையும் இரண்டு வாரத்தில் முடித்தார். இப்போது தாயும் மகளுமாக நடக்கும் இரண்டாம் பாகத்தில் இருக்கிறார். உதவிக்குப் போனால் மவுஸைத் தர மறுக்கிறார்.